ஹேமலதாவுக்கு ஏழாம் மாதம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
7-1-1954
ஸ்ரீ வராகமூர்த்தி துணை

சௌபாக்கியவதி விஜயத்துக்கு மன்னி சீதாலக்ஷ்மி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணாவும் சௌக்கியம். மலையில் குளிர் எப்படி? காலில் வீக்கம் உண்டா? மறைக்காமல் எழுது.

கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். பொன்முடியிலிருந்து அத்தனை வளைவிலும் உன்னைக் குலுக்கிக்கொண்டு வருவது இனி நடக்காது. அம்மா இல்லாத உனக்குப் பிறந்தகம் என்று இருப்பது இந்த வீடுதான். முதல் இரண்டு தடவையும் ஆசையாக இங்கே வந்தாய். இரண்டு தடவையும் வெறுங்கையோடு மலை ஏறினாய். ஆகையால் இந்தத் தடவை அங்கேயே இரு. இன்னும் நாலே மாதம்.

பொழுது போகவில்லை என்றாயே, அதற்குத்தான் இந்த நோட்டு. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை உனக்காகக் கையால் எழுதியிருக்கிறேன். பத்திரிகையையே அனுப்பலாமே என்பாய். நம் தெருவில் ஆறு வீடு சேர்ந்து ஒரு பிரதி வாங்குகிறோம், நாளைக்கு ஒரு வீடு. ஆறாவது வீட்டில் கதைப் பக்கங்களைப் பிரித்து, பைண்டு பண்ண எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு தாள் குறைந்தாலும் தெருவே என் வாசலுக்கு வந்துவிடும். என் முறை புதன்கிழமை. சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு ஏற்றுவதற்குள் பதினோரு பக்கம் எழுதலாம். சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவுக்குச் சாமான் ஏற்ற வரும் உங்கள் எஸ்டேட் லாரி டிரைவர் தங்கையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கதை மதராஸில் நடக்கிறது. ஹேமலதா என்று ஒரு பெண். தாயார் இல்லை. புருஷன் ரேடியோ விற்கிற வேலையாக ஊர் ஊராகப் போகிறவன். நாத்தனார் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. (எல்லாருக்கும் உன்னைப் போல நாத்தனார் வாய்க்குமா?) பத்திரிகையில் ஹேமலதாவுக்குப் படம் போடுகிறார்கள், புஸ்ஸென்று உப்பின கை வைத்த ரவிக்கையோடு. தையற்காரன் வேலப்பனிடம் போய், "ஹேமலதா கை" என்று சொன்னால் போதுமாம், அளவுகூடக் கேட்க மாட்டானாம். நம் தெருவில் இதுவரை ஒன்பது ஹேமலதாக்கள்.

குளிரில் தலைக்குக் கட்டிக்கொள்.

உன் மன்னி
சீதாலக்ஷ்மி


பொன்முடி
28-1-1954

மன்னிக்குப் படுத்தபடியே நமஸ்காரம். எழுந்து நமஸ்கரித்தால் ரோஸ் அடிப்பாள். ரோஸ் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். தினமும் இரண்டு தடவை வந்து பார்க்கிறாள். எழுத்து மலைச்சரிவு மாதிரி சாய்ந்திருந்தால் அதற்கும் அவள்தான் காரணம். கால் வீக்கம் இல்லை. அண்ணாவின் இருமல் எப்படி?

நோட்டு மூன்றும் வந்தன. முதல் நோட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். முற்றம் பெருக்க வந்த ராகேல் துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஜன்னலண்டை நின்றாள். "அந்தப் பய ஊரு ஊராப் போறானே, ஒரு எழுத்துப் போடப்பிடாதா? எங்க கங்காணியே தேவலம்மா" என்றாள். மறுநாள் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடித்ததும் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வராந்தாவில் உட்கார்ந்து கேட்கிறார்கள். நாத்தனார் பேசும் இடம் வந்தால் ஒவ்வொருத்தியும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறாள்.

இவர் ஆபீஸிலிருந்து வரும்போது கூட்டத்தைப் பார்த்தார். "சினிமா பாதி, பத்திரிகை பாதி, பொம்மனாட்டிகளுக்கு மூளை மிச்சம் இருக்குமா?" என்றார். அவர் படிக்கிற இங்கிலீஷ் துப்பறியும் கதைகள் மட்டும் மூளையை வளர்க்குமாம். அப்புறம் திரும்பவும் ஆபீஸுக்கே போய்விட்டார். இப்போதெல்லாம் அங்கேதான் அதிகம் இருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமைக்காக எட்டுப் பேர் காத்திருக்கிறோம். என்னோடு சேர்த்து ஒன்பது.

விஜயம்


ஸ்ரீவராகம்
18-2-1954
ஸ்ரீ வராகமூர்த்தி துணை

விஜயத்துக்கு ஆசீர்வாதம். உன் அண்ணாவின் இருமல் விட்டது. திப்பிலிக் கஷாயத்தைச் சண்டை போட்டுக் குடிக்க வைத்தேன்.

இந்த வாரம் நடந்ததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஹேமலதாவுக்கு டைபாய்டு என்று போன நோட்டில் படித்திருப்பாய். எதிர்வீட்டுப் பிச்சம்மாளுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை என்னையும் பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாளையும் இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போய், ஹேமலதா பேரில் ஒரு புஷ்பாஞ்சலி என்று சீட்டு வாங்கிவிட்டாள்.

பூஜை பண்ணுகிற போற்றி சீட்டைப் பார்த்தார். "நாளு ஏதா?" என்று நட்சத்திரத்தைக் கேட்டார்.

பிச்சம்மாள் யோசிக்காமல், "ரோகிணி" என்றாள்.

"ரோகிணியாவது! ரோகிணிக்காரி இவ்வளவு பொறுத்துண்டு போவாளோ? என் ஓர்ப்படி ரோகிணி, எனக்குத் தெரியாதா?" என்று சரஸ்வதியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"சொந்தக்காரக் குட்டியோட நாளு அறியாதோ? குட்டி எங்க இருக்கா?" என்றார் போற்றி.

"மதராஸ்ல" என்றேன் நான். அது பொய் இல்லையே.

பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. கடைசியில் திருவோணம் என்று சொன்னோம். பெருமாள் நட்சத்திரம், யாருக்கும் குறை வராது. பிரசாதத்தை மூன்று பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். உனக்கும் ஒரு சிட்டிகை சந்தனம் இலையில் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணாவிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "ஜுரம் அவளுக்கா, உங்களுக்கா?" என்றார்.

மன்னி


பொன்முடி
15-3-1954

மன்னிக்கு நமஸ்காரம். நீ அனுப்பின சந்தனத்தை வயிற்றில் பூசிக்கொண்டேன். ஹேமலதாவுக்கு ஜுரம் இறங்கினது புஷ்பாஞ்சலியால்தான் என்று ராகேல் சாதிக்கிறாள். அவள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரி, ஆனாலும் வராகமூர்த்திக்கு அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கிறாள்.

இந்த வார நோட்டில் கதாசிரியர் பல மாதங்களை ஒரே தாண்டாகத் தாண்டிவிட்டாரே! ஹேமலதா வயிற்றோடு நிற்கிறாள். அவளுக்கும் ஏழாம் மாதம், எனக்கும் ஏழாம் மாதம். அந்த வரியைப் படித்ததும் வராந்தாவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தாம்மா ஆவும்" என்றாள் ராகேல்.

நான் சிரித்தேன். ஆனால் மன்னி, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன இரண்டு தடவையும் இந்த மாதம்தான். தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் வயிற்றில் கையை வைத்து, அசைகிறதா என்று காத்திருக்கிறேன். டாக்டர் சொல்வதும் ரோஸ் சொல்வதும் மனசில் ஒட்டவில்லை. ஹேமலதா நல்லபடியாகப் பெற்றுவிட்டால் நானும் பெற்றுவிடுவேன் என்று மட்டும் ஒட்டிக்கொண்டது. அசட்டுத்தனம்தான். திட்டாதே. ஒன்றையாவது நம்பிக்கொண்டு படுத்திருக்கிறேனே.

விஜயம்


ஸ்ரீவராகம்
8-4-1954
ஸ்ரீ வராகமூர்த்தி துணை

மாப்பிள்ளை ராமசுப்ரமணியனுக்கு சீதாலக்ஷ்மி எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சௌக்கியம். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அதனால்தான் ஆபீஸ் விலாசம் போட்டேன்.

உங்களுக்குத் தொடர்கதை பிடிக்காது என்று தெரியும். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். நேற்று என் முறைக்குப் பத்திரிகை வந்தது. அதில் ஹேமலதா பிரசவத்தில் செத்துப்போய்விட்டாள். குழந்தையும் இல்லை. பிச்சம்மாள் தலைமுழுகிவிட்டு, ஈரத்தலையோடு வந்துதான் எனக்கே பத்திரிகையைக் கொடுத்தாள். தெருவில் பாதி வீட்டில் ராத்திரிச் சமையல் இல்லை.

விஜயம் இந்தப் பெண்ணோடு தன்னை முடிந்து வைத்திருக்கிறாள். அவள் எனக்கு எழுதினதை உங்களிடம் சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹேமலதா பிழைத்தால் தானும் பிழைப்பேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பதினோரு பக்கத்தை என் கையால் எழுதி அவளுக்கு அனுப்ப மாட்டேன். கதை நின்றுவிட்டது என்றால் உடனே சந்தேகப்படுவாள்.

ஆகையால் நானே எழுதிவிட்டேன். ஹேமலதாவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை, வளைகாப்பு நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. மளிகைப் பொட்டலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். பெற்றவளும் இல்லை. ஒருத்தர் பெற்ற பெண்ணை எடுத்து வளர்க்கிறது மாதிரி இருக்கிறது. பொய் எழுதுவது பாவம் என்று சன்னிதியில் நின்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். தடுப்பதானால் தடுக்கட்டும் என்றேன். தடுக்கவில்லை.

அந்தப் பத்திரிகை எஸ்டேட்டில் யாருக்காவது வருகிறதா என்று பார்த்து, அவள் கண்ணில் படாமல் செய்யுங்கள்.

சீதாலக்ஷ்மி


எஸ்டேட் ஆபீஸ், பொன்முடி
17-4-1954

ஸ்ரீமதி சீதாலக்ஷ்மி அம்மாள் அவர்களுக்கு நமஸ்காரம். தங்கள் 8-ந் தேதிக் கடிதம் கிடைத்தது. விஷயம் கவனிக்கப்பட்டது. ஸ்டோர் கீப்பருக்கு மேற்படி பத்திரிகை தபாலில் வருகிறது. சென்ற வாரப் பிரதியையும் இந்த வாரப் பிரதியையும் நான் வாங்கி என் மேஜைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஆள் கொஞ்சம் கோபமாக இருக்கிறார்.

விஜயம் தூங்கும்போது தாங்கள் எழுதிய நோட்டைப் பார்த்தேன். இரண்டொரு பிழைகளைத் தெரிவிப்பது கடமை. மதராஸில் வளைகாப்புக்கு நம் ஊர்க் கூட்டான ஏத்தங்காய் எரிசேரி வைப்பதில்லை. ஹேமலதா வீட்டுக் கொல்லையில் நம் பக்கத்து அயனி மரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே இரண்டு வருஷம் டைப்பிங் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மயிலாப்பூரில் எந்தக் கொல்லையிலும் அயனி மரத்தைப் பார்த்ததில்லை.

இன்னொன்று. புருஷன் வீட்டுக்கு வராததற்கு வேலை காரணம் என்று பழைய கதாசிரியர் எழுதியிருக்கிறார். வேலையாக இருக்காது என்று எனக்குப் படுகிறது. இரண்டு தடவை ஆனதற்குப் பிறகு, அறைக்குள் போனால் என்ன பேசுவது என்று தெரியாமல் வெளியிலேயே உட்கார்ந்திருக்கிற ஆண்களும் உண்டு. இதைத் தாங்கள் எப்படியாவது கதையில் எழுதினால் நன்றாக இருக்கும்.

தங்கள் விதேயன்
ராமசுப்ரமணியன்


பொன்முடி
3-5-1954

மன்னிக்கும் அண்ணாவுக்கும் நமஸ்காரம். எட்டு முடிந்து ஒன்பது நடக்கிறது. இந்த மாதத்தை நான் முன்னே பார்த்ததில்லை. உள்ளே இருப்பது ராகேல் குரலைக் கேட்டால் உதைக்கிறது.

கதை இப்போது ரொம்ப நன்றாக இருக்கிறது. அதிலும் சாப்பாடு! ஹேமலதா மத்தியானம் கஞ்சியும் பயறும் சாப்பிட்டதைப் படித்ததும் லயத்தில் அன்று எல்லார் வீட்டிலும் கஞ்சியும் பயறும்தான். கதாசிரியருக்கு முன்பெல்லாம் காபிகூடப் போடத் தெரியாது. மூன்று வாரமாக மிளகைக்கூட எண்ணிப் போடுகிறார். பக்தியும் வந்துவிட்டது. பக்கத்துக்கு ஒரு தடவை ஹேமலதா விளக்கு ஏற்றுகிறாள்.

புருஷன் ஊரிலிருந்து வந்த இடத்தில் ஒருத்தியும் வெற்றிலை போடவில்லை. கட்டிலண்டை வந்து நிற்கிறான், பேச்சு வரவில்லை, ஒரு கிச்சிலிப்பழத்தை எடுத்து உரித்து, சுளை சுளையாகக் கொட்டையெல்லாம் நீக்கி அவள் கையில் வைக்கிறான். அவ்வளவுதான். ராகேல் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் இவர் ஆபீஸிலிருந்து வெளிச்சத்தோடு வந்துவிட்டார். கையில் பொட்டலம். திறந்தால் கிச்சிலிப்பழம்! நோட்டை இவர் படிப்பது எனக்குத் தெரியாதாம். வாயைத் திறந்து சுளையை வாங்கிக்கொண்டேன். இப்போது தினமும் வருகிறார், உட்காருகிறார். நேற்று அவர் சின்ன வயசில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லை.

போன சனிக்கிழமை மட்டும் தங்கையன் வெறுங்கையோடு வந்தான். உனக்கு உடம்பு சரிதானே?

விஜயம்


ஸ்ரீவராகம்
13-5-1954
ஸ்ரீ வராகமூர்த்தி துணை

விஜயத்துக்கு ஆசீர்வாதம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கதாசிரியருக்குத்தான் சௌக்கியமில்லையாம், ஒரு வாரம் கதை வரவில்லை. அவருக்கு நம் பக்கத்துச் சமையல்காரர் யாராவது வாய்த்திருப்பார், அதுதான் எரிசேரி.

இந்த நோட்டில் ஹேமலதாவுக்குப் பிரசவம். பயப்படாமல் படி. பெண் குழந்தை, இருவரும் நலம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்னாலேயே சொன்னால் கதை ருசிக்காது என்பாள் பிச்சம்மாள். ருசிக்காவிட்டால் போகிறது.

உன் அண்ணா என்னோடு நாலு நாளாகப் பேசவில்லை. காரணம், சரஸ்வதியம்மாளை வீட்டுக்குக் கூப்பிட்டு அவளுடைய ஆறு பிரசவத்தையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தைரியமாக இரு.

மன்னி


பொன்முடி
25-5-1954

அம்மாள் அவர்களுக்கு,

நேற்றுப் பகல் பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை. ஆறே கால் பவுண்டு. தாயும் சேயும் சௌக்கியம். நர்ஸ் ரோஸ் இதில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறாள், தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்று. தந்தி அடிக்க விதுரா போக வேண்டும். தங்கையன் இப்போதே புறப்படுவதால் இதையே தந்தியாகப் பாவிக்கவும்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். மன்னிக்கவும்.

ராமசுப்ரமணியன்


பொன்முடி
14-6-1954

மன்னிக்கு உட்கார்ந்தபடி நமஸ்காரம். ஆமாம், உட்கார்ந்திருக்கிறேன். ரோஸ் அனுமதி கொடுத்துவிட்டாள். குழந்தை மடியில் தூங்குகிறது. உன் மூக்கு இல்லை, அண்ணாவின் மூக்கு.

முதலில் ஒரு குற்றம். நீ எழுதின பிரசவம் முழுக்கத் தப்பு, மன்னி. வலி அப்படி இல்லை. சரஸ்வதியம்மாள் உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறாள்.

திடுக்கிடாதே. எனக்குத் தெரியும். நெய்யாற்றின்கரையில் ரோஸின் அக்கா அந்தப் பத்திரிகை வாங்குகிறாள். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி எனக்கு ஊசி போட்டுக்கொண்டே, "பாவம், உங்க ஹேமலதா மரிச்சுப்போயாச்சே" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று முழுவதும் எனக்கு இடுப்பு வலி. முடிந்தது, மூன்றாவதும் போயிற்று என்றே நினைத்தேன். உனக்கு எழுதவில்லை, இவரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம், முந்தாநாள் வந்திருந்த உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நீ பார்த்து எழுதும் பக்கங்களில் ஒரு அடித்தல்கூட இருக்காது. அந்த நோட்டில் பக்கத்துக்குப் பத்து அடித்தல். ஒரு இடத்தில் 'ஹேமலதா எழுந்தாள்' என்று எழுதி, அடித்து, 'ஹேமலதா மெதுவாக எழுந்தாள்' என்று எழுதி, அதையும் அடித்து, 'ஹேமலதா படுத்துக்கொண்டாள்' என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துச் சிரித்தேன், மன்னி. வயிறு குலுங்கச் சிரித்தேன். வலி நின்றுவிட்டது.

அவளைக் கொன்றவர் யாரோ, எங்கேயோ இருக்கிறார். அவள் சாகக் கூடாது என்று நாள் முழுக்க உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினவள் நீ. நான் யாரை நம்புவேன்?

ரோஸ் சொன்னது ராகேல் காதிலும் விழுந்துவிட்டது. வராந்தாவில் எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்றேன். ராகேல் கையை வீசி, "பொஸ்தகத்துல செத்தாச் சாவட்டும்மா. நம்ம நோட்டுல உசிரோடதானே இருக்கா, படிங்க" என்றாள். படித்தேன். நோட்டு வராத அந்த வாரம் உனக்கு ஏன் கை ஓடவில்லை என்றும் எனக்குத் தெரியும், பிரசவத்தை எழுத வேண்டிய கட்டம் வந்துவிட்டது. தெரிந்தும் உடம்பு சரிதானா என்று கேட்டேன். அதற்கு மன்னித்துக்கொள்.

குழந்தைக்கு மாமியார் பெயரை வைத்தோம். லயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஹேமலதா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவர் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "ஹேமலதா முழிச்சிண்டிருக்காளா?" என்கிறார்.

விஜயம்


ஸ்ரீவராகம்
24-6-1954
ஸ்ரீ வராகமூர்த்தி துணை

விஜயத்துக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெட்கத்தில் கொல்லைக்குப் போய் நின்றுகொண்டேன். உன் அண்ணா வந்து, "அழறியா சிரிக்கறியா?" என்றார். எனக்கே தெரியவில்லை. சன்னிதிக்குப் போய் விவரம் சொல்லிவிட்டு வந்தேன்.

லேகியம் ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். காலையில் நெல்லிக்காய் அளவு, வெறும் வயிற்றில்.

பத்திரிகையில் இப்போது வேறு கதை வருகிறது. பிச்சம்மாள் அதில் வருகிற ஒரு வக்கீலுக்காகச் சஷ்டி விரதம் இருக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஹேமலதாவின் பெயரைத் தெருவில் யாரும் எடுப்பதில்லை. புதன்கிழமை என் வீட்டுக்குப் பத்திரிகை வரும். பிரிக்காமல் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? நம் நோட்டு பாதியில் நிற்கிறது.

நேற்றுக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணா, "கைக்குழந்தையை வச்சுண்டு இன்னும் எத்தனை நாள் அந்த நாத்தனார்கிட்ட மாட்டிண்டு கிடப்பா? தனியா ஒரு வீடு பார்த்துக் குடுத்துடேன்" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பார்க்கத்தான் வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்காத வீடாக.

உன் மன்னி
சீதாலக்ஷ்மி